நாலாம் கட்டிலின் கடிகாரம்

அத்தியாயம் 5

நாலு மணிக்குத் தங்கச்சி கையெழுத்துப் போட வேண்டும். இப்போது மணி பத்து.

கையெழுத்துப் போட வேண்டிய தாள் பெரிய டாக்டரின் மேஜை மேல் ஒரு கண்ணாடி உருண்டைக்கு அடியில் கிடந்தது. ‘எனது கவனக்குறைவினால்’ என்று தொடங்கி ஒரே பக்கம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஐஸ் அதைத் தலைகீழாகப் படித்து முடித்துவிட்டான். போட்டால் அஜாக்கிரதை, இரண்டு வருஷத்தோடு போய்விடும். போடாவிட்டால் கொலை என்று எழுதுவேன் என்று இன்ஸ்பெக்டர் நேற்றே சொல்லியிருந்தார்.

ஐஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஐஸ் ஃபாக்டரியில் பதினோரு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்து, ஒரு விடிகாலையில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தவன். அப்புறம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். அதிலும் காலூன்றவில்லை. யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத ஐஸ் என்று வாடிக்கையாளர்களே சொன்னார்கள். கடைசியில் அண்ணியிடம் வந்து ஒட்டிக்கொண்டான். அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்ச் சாவுகளைக் கண்டுபிடிக்கிற வேலையில் இருந்துவிட்டு, இப்போது தையல்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறாள். நாற்பத்தெட்டு வயது. எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கே பேச மாட்டாள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் உளறிவிடுவார்கள்.

"டாக்டர், எனக்கு ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுங்க," என்றாள் அண்ணி. "உங்க ரிப்போர்ட்ல பன்னெண்டு இடத்துல வருது. மெசஞ்சர் ஆர்.என்.ஏ."

பெரிய டாக்டருக்கு முகம் மலர்ந்தது. தூக்கத்தை ஆராய்ச்சி செய்கிறவர். இந்தக் கட்டடத்தில் ஆறு கட்டில் போட்டு, ஆட்களைப் படுக்க வைத்து, புது மருந்து கொடுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கிறார். அதில் நாலாம் கட்டிலில் படுத்தவன்தான் போன வியாழக்கிழமை எழுந்திருக்கவில்லை.

"ஸ்கூல் புஸ்தகத்துல தூது ஆர்.என்.ஏ.ன்னு படிச்சிருப்பீங்க," என்றார். "உங்க உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பெரிய புத்தகம் இருக்கு. டி.என்.ஏ. அது பூட்டுன அறையை விட்டு வெளிய வராது. இப்ப எந்தப் பக்கம் தேவையோ அதை மட்டும் துண்டுச் சீட்டுல காப்பி எடுத்து வெளிய அனுப்பும். வெளிய பட்டறை. சீட்டுல இருக்கிறபடி பட்டறையில சாமான் செய்வாங்க. செஞ்சு முடிச்சதும் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. அந்தச் சீட்டுதான் நீங்க கேட்ட வார்த்தை."

"கிழிச்சுடுவாங்களா?"

"சிலது நிமிஷக் கணக்குல. சிலது மணிக் கணக்குல. அதுதாம்மா அதோட அழகு. புத்தகம் நீங்க யாருன்னு சொல்லும். பொறந்தப்பவும் அதேதான், பொணமானாலும் அதேதான். சீட்டு அப்படிக் கிடையாது. இந்த நேரத்துல உங்க உடம்பு என்ன செஞ்சுக்கிட்டிருக்குன்னு சொல்லும். ஜுரமா, பசியா, பயமா, எல்லாத்துக்கும் தனிச் சீட்டு."

"என் உடம்புல ஒரே சீட்டுதான் சார் இருக்கும்," என்றான் ஐஸ். "பசி."

டாக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. "உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. காலையில ஒரு கட்டுச் சீட்டு எழுதும், சாயங்காலம் வேற கட்டு. ரத்தத்துல எந்தக் கட்டு அதிகம்னு பார்த்தா, அந்த ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு சொல்லிடலாம். நாங்க ஆர்.என்.ஏ. பார்க்கிறதே அதுக்குத்தான்."

"ரிப்போர்ட்லயும் சொன்னீங்க."

"சொன்னேன். உங்க நர்ஸ் பொண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்தேன்னு லேபிள் ஒட்டின ட்யூப்ல முழுக்கக் காலைச் சீட்டு. காலையிலயே ரெண்டு ட்யூப் எடுத்து வச்சுக்கிட்டு, சாயங்காலம் கட்டில் பக்கமே போகாம லேபிள் மட்டும் ஒட்டியிருக்கா. அந்த ஆளு மத்தியானத்துல இருந்து செத்துக்கிட்டிருந்திருக்கான். எட்டிப் பார்க்க ஆளில்லை. எல்லாம் சரியா இருக்குன்னு போன்ல சொன்னா. நம்பி, நான் பதினோரு மணிக்குத்தான் வந்தேன். உடம்பு சில்லிட்டுக் கிடந்துச்சு."

"ஒரு நாளைக்கு ஆறு ட்யூப் எடுப்பீங்க இல்லையா? மத்த அஞ்சு?"

"மறுநாள் காலையில ஃப்ரீசர் நின்னுபோச்சு. ஆர்.என்.ஏ. உருகினா தொலைஞ்சது. வெறும் தண்ணி. தூக்கி எறிஞ்சுட்டேன். இந்த ஒண்ணு மட்டும் போலீஸ் கேட்டாங்கன்னு மிஷின்ல போட்டிருந்ததால தப்பிச்சுது."

அண்ணி தலையாட்டினாள். தாளை ஒரு தடவை பார்த்தாள். எழுந்துகொண்டாள்.

வெளியே பெஞ்சில் ஐஸின் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்மில் பெயர்ப் பட்டையைக் கழற்றியிருந்தார்கள். ஊசி குத்தின இடத்தில் இரண்டு துளை தெரிந்தது. அழுதிருக்கவில்லை. அதுதான் ஐஸுக்குக் கவலையாக இருந்தது.

"ஆறு மணிக்கு நான்தான் எடுத்தேன் அண்ணி," என்றாள். "நல்லா இருந்தார். கையை நீட்டிக்கிட்டே, ‘சிஸ்டர், தூக்கம் எப்ப வரும்?’னு கேட்டார். ஆறரைக்கு டாக்டர் படியில எதிர்ல வந்தார். ‘நீ போம்மா, ஏழு மணி மருந்தை நான் பாத்துக்கறேன்’னார். போன் கீன் எதுவும் நான் பண்ணல."

"படியில உங்க ரெண்டு பேரையும் யாரு பார்த்தா?"

"நானும் அவரும்தான்."

அண்ணி அவள் தோளைத் தொட்டுவிட்டு நடந்தாள். ஐஸ் பின்னாலேயே போனான். "நாத்தனாருக்காக ஓடுற அண்ணியை இன்னிக்குத்தான் பாக்குறேன். சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"அவ உள்ள போயிட்டா வெளிய நான் யாரோட சண்டை போடுறது?" என்றாள் அண்ணி. "ஃப்ரீசர் எங்க இருக்கு, கேளு."

ஃப்ரீசர் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்க வெள்ளை ஓடு. மேலே இடி விழுந்தாலும் இங்கே கேட்காது. ஒரு மூலையில் மிஷின் முன்னால் லேப் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு. ஐஸ் ஒரு ட்யூப் பெட்டி மேல் கை வைக்கப் போனான்.

"தொடாதீங்க!" என்றாள். "அங்க கையுறை இருக்கு. விரல்ல இருக்கிற வேர்வை போதும், உள்ள இருக்கிற அவ்வளவு ஆர்.என்.ஏ.வையும் தின்னுடும்."

"என் கை பட்டா என்ன விளங்கும்னு எங்கம்மா கேட்டது வாஸ்தவம்தான்," என்று சொல்லிக்கொண்டே ஐஸ் கையுறை போட்டான். ஆள் உயர ஃப்ரீசரின் கதவைத் திறந்தான். வெள்ளைப் புகை காலில் விழுந்தது. அவன் தட்டுகளைப் பார்க்கவில்லை. தட்டுகளுக்குப் பின்னால், மூலையில் படிந்திருந்த பனியைப் பார்த்தான். டார்ச் அடித்தான். ஒரு விரலால் தொட்டான். கதவைச் சாத்தினான்.

லேப் அக்கா காது கேட்காத தூரத்துக்கு அண்ணியைக் கூட்டிப் போனான்.

"அண்ணி, இது நிக்கவே இல்லை."

"எப்படிச் சொல்ற?"

"உள்ள பனி பஞ்சு மாதிரி நிக்குது. விரல் பட்டா உதிருது. ஒரு ஆறேழு மாசப் பனி. ஃப்ரீசர் நின்னா முதல்ல அதுதான் உருகும். திரும்ப ஓடவிட்டா அந்தத் தண்ணி கண்ணாடிக் கட்டியா உறையும். உருகின பனி மறுபடி பஞ்சாகாது. பதினோரு வருஷம் இதைத்தான் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பொண்டாட்டி முகத்தைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை."

"அதான் அவ போயிட்டா."

"அதான் போயிட்டா," என்று ஐஸ் ஒப்புக்கொண்டான்.

அண்ணி சுவரில் சாய்ந்து நின்றாள். "நின்னு போகாத ஃப்ரீசர் நின்னுபோச்சுன்னு ஒருத்தர் சொல்றார்னா, அஞ்சு ட்யூப் தொலையணும். ஒண்ணைக் காட்டி அஞ்சை ஒழிக்கிறார். அந்த அஞ்சும் வேற கதை சொல்லும். வா, நாலாம் கட்டில் வீட்டுக்குப் போவோம்."

நாலாம் கட்டில்காரன் குடியிருந்தது இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஒற்றை அறை. வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தை அசைத்துக்கொண்டே முன்னால் ஏறினாள். கதவில் அட்டையை ஆணியடித்து மாட்டியிருந்தது. ‘பகலில் தட்டாதே.’ பக்கத்தில் அழைப்புமணி. அதன் வயர் வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது.

கதவைத் திறந்ததும் ஐஸ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

வெளியே பதினொன்றரை மணி வெயில். உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் கண்ணாடி முழுக்க முதலில் கறுப்புத் தாள், அதன் மேல் செய்தித்தாள், இடுக்குகளில் பழைய பனியன். கதவுக்கு அடியில் திணிப்பதற்கென்றே ஒரு சுருட்டின போர்வை. கட்டில் தலைமாட்டில் அலாரம். முள் ஐந்தில் நின்றது. சுவரில் காலண்டரில் தேதிக்கு மேல் தேதியாக ஒரே குறிப்பு. ‘2 மணி நேரம்.’ ‘3.’ ‘1½.’ ‘இல்லை.’

லைட் போட வேண்டாம் என்று அண்ணி சைகை காட்டினாள். "சொல்லு தம்பி."

"என்னத்தைச் சொல்ல? இது என் ரூம் அண்ணி. போன வருஷம் வரைக்கும்." ஐஸ் செய்தித்தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். "அஞ்சு மணின்னா விடியக்காலை அஞ்சு இல்லை. சாயங்காலம். இவன் நைட் ஷிப்ட்."

"பிரஸ்ல வேலை," என்றாள் வீட்டுக்காரம்மா. "பேப்பர் அச்சடிக்கிற இடம். பதினாலு வருஷமா ராத்திரிதான். லீவு நாள்லயும் ராத்திரி முழுக்க மேல நடந்துக்கிட்டே இருப்பான். பகல்ல தூக்கம் வராம, ராத்திரியும் வராம, பாவம், கண்ணு ரெண்டும் தீஞ்சுபோய்க் கிடக்கும்."

அண்ணி பையிலிருந்து ஆராய்ச்சி நிலையத்து விண்ணப்பத்தின் நகலை எடுத்தாள். செல்போன் வெளிச்சத்தில் காட்டினாள். வேலை நேரம் என்ற இடத்தில் ‘பகல்’ என்று இருந்தது.

"அதுவா?" வீட்டுக்காரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "பகல் வேலைக்காரங்களை மட்டும்தான் அங்க எடுப்பாங்களாம். ‘நான் பகல்னு எழுதிட்டேங்க, யாரு கேக்கப் போறா’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். ‘பத்து நாளு தூங்கிட்டு வர்றேங்க’ன்னு சாவியைக் குடுத்துட்டுப் போனான்."

ஐஸ் இருட்டில் அலாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தான்.

படியிறங்கும்போது அவனே ஆரம்பித்தான். "அப்ப அவனுக்குச் சாயங்காலம் ஆறு மணிங்கிறது பல் விளக்குற நேரம். உடம்பு காலைச் சீட்டுதான் எழுதும். தங்கச்சி எடுத்த ட்யூப் நிஜம்."

"ம்."

"டாக்டர் ஏழு மணிக்கு மருந்து போட்டிருக்கார். மத்தவங்களுக்கெல்லாம் ஏழு மணிக்குக் கொட்டாவி வரும். இவனுக்கு அப்பத்தான் பளபளன்னு விடியும். முழிச்சு முழிச்சுப் பார்த்திருப்பான். மருந்து வேலை செய்யலைன்னு நெனச்சு..." ஐஸ் நின்றான். "இன்னொண்ணு போட்டிருக்கார்."

"தூங்குற வரைக்கும் போட்டிருக்கார்," என்றாள் அண்ணி.

"அவ்வளவுதானே, முடிஞ்சுது. இன்ஸ்பெக்டர்கிட்டப் போவோம்."

"எதைக் கொண்டுபோவ? நைட் ஷிப்ட்னு தெரியாம தப்பாப் படிச்சுட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு அவர் கையை விரிச்சுடுவார். ஆறு மணிக்கு இவன் நல்லா இருந்தான்னு ஆகும். அதுக்கப்புறம் பக்கத்துல யார் இருந்தான்னு ஆகாது. பதினோரு மணிக்குத்தான் வந்தேன்கிறார். அன்னிக்கு மத்த கட்டிலெல்லாம் காலி, இல்லைன்னு சொல்ல நாலாம் கட்டில் மட்டும்தான் இருந்தான். தங்கச்சி பார்க்காம விட்டதால செத்தான்னு தாள் அப்படியேதான் இருக்கும்."

பன்னிரண்டே காலுக்கு மறுபடி கீழ்த்தளம். லேப் அக்கா டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். அவர்களைப் பார்த்ததும் மூடினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ட்யூப் வரும், பிரிப்பேன், மிஷின்ல போடுவேன். நம்பர் வரும், குடுப்பேன்."

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நீங்க கையுறை இல்லாம ஒருத்தரையும் கிட்ட விட மாட்டீங்க. வேர்வை பட்டா போச்சு, உருகினா போச்சு. அவ்வளவு பயப்படுற ஒருத்தங்க, ஒருத்தரோட ரத்தத்துல இருந்து எடுத்த அவ்வளவையும் ஒரே ட்யூப்லயா வச்சிருப்பீங்க?"

லேப் அக்காவின் கை டப்பா மூடியின் மேலேயே நின்றது.

"வைக்க மாட்டேன்," என்றாள் மெதுவாக. "ஒரே ட்யூப்ல வச்சா, ஒரு டெஸ்டுக்கு உருக்கினாலும் மிச்சமும் சேர்ந்து கெட்டுடும். படிக்கிறப்ப ஒரு தடவை அப்படிப் போய், ஒரு வருஷ வேலை வீணாச்சு. அதுல இருந்து வந்ததும் ரெண்டாப் பிரிச்சுடுவேன். ஒண்ணு பெரிய ஃப்ரீசர்ல. இன்னொண்ணு அந்தச் சின்னதுல, அடித்தட்டு."

"பெரிய டாக்டருக்குத் தெரியுமா?"

"அவர் பைப்பெட்டைக் கையில பிடிச்சுப் பத்து வருஷம் இருக்கும். இங்க என்ன நடக்குதுன்னு அவருக்கு எங்க தெரியும்? நம்பர் சரியா வந்தாச் சரி."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கல." கொஞ்சம் கழித்து, "ஃப்ரீசர் நின்னுபோச்சுன்னு அவர் சொன்னப்ப அது ஓடிக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு. என் முன்னாடியே. சத்தம் கேக்குது. ‘நின்னுபோச்சு, சரியா?’ன்னார். நானும் சரின்னுட்டேன்."

ஐஸ் வாயைத் திறந்தான். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"அப்ப நாலாம் கட்டிலோட ஆறு ட்யூப்புக்கும் ஜோடி இருக்கு," என்றாள் அண்ணி.

"ஆறு இல்லைம்மா. ஏழு."

ஃப்ரீசரின் மோட்டார் ஒரு தடவை உறுமி அடங்கியது.

லேப் அக்கா ஒரு நீள நோட்டை எடுத்து வந்தாள். ரத்தம் வந்த ட்யூபின் ஸ்டிக்கரை உரித்து நோட்டில் ஒட்டிவிடுவது அவள் பழக்கம். நாலாம் கட்டிலின் பக்கத்தில் வரிசையாக ஏழு ஸ்டிக்கர். ஆறு கறுப்பு மார்க்கரில், நர்சுகளின் கையெழுத்தில். குளிரிலும் அழியாத மார்க்கர், லேபில் எல்லோரும் அதில்தான் எழுதுவார்கள். ஏழாவது மட்டும் பேனாவில் எழுதியிருந்தது. மை ஈரத்தில் இழுபட்டிருந்தாலும் படிக்க முடிந்தது. கட்டில் 4. தேதி வியாழன். இரவு மணி 10.

"இது யார் கை?"

"நீங்களே பாருங்க." லேப் அக்கா டாக்டர் குறிப்பெழுதி அனுப்பியிருந்த ஒரு சீட்டைப் பக்கத்தில் வைத்தாள். மார்க்கரில் எழுத வேண்டும் என்றுகூட மறந்துபோன ஆள், சட்டைப்பைப் பேனாவை எடுத்து எழுதியிருக்கிறார். "வெள்ளிக்கிழமை காலையில ஏழரைக்கு நான் பின்கதவு வழியா வந்தேன். செத்த விஷயம் தெரியாது. ரேக்ல ஏழு இருந்துச்சு, பிரிச்சு வச்சேன். ஒன்பது மணிக்கு வந்து, ரேக் எங்கன்னு கேட்டப்ப அவர் முகம் எப்படியோ இருந்துச்சு."

பதினோரு மணிக்கு வந்து சில்லிட்ட பிணத்தைப் பார்த்தவர், பத்து மணிக்கு அதே ஆளிடம் ரத்தம் எடுத்திருக்கிறார். அஞ்சை ஒழிப்பதற்காக ஃப்ரீசர் நிற்கவில்லை. ஏழாவது ஒன்றை ஒழிக்கத்தான் நின்றது.

"ஏன் எடுத்தார்?" என்றான் ஐஸ். "ஒருத்தன் கண்ணு முன்னால போய்க்கிட்டிருக்கான். ஊசியை எடுத்து ரத்தமா எடுப்பாங்க?"

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கணும்," என்றாள் லேப் அக்கா. "ரெண்டாவது டோஸ் போட்டா கடிகாரம் நகருதான்னு பார்க்க ஆசை வந்திருக்கும். அவருக்கு அப்படி வரும்."

அண்ணி மணி பார்த்தாள். "ஏழையும் ஓட்ட எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி நேரம். ஆனா மிஷின் ஓடினா மேல அவர் கம்ப்யூட்டர்ல தெரியும்."

"தெரியட்டும்."

லேப் அக்கா டிபன் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். புதுக் கையுறை மாட்டினாள். மேஜையைத் துடைத்தாள். மறுபடி கையுறையை மாற்றினாள். ஒரு மணிக்கு மிஷின் ஓடத் தொடங்கியது.

ஒன்று இருபதுக்குப் போன் அடித்தது. மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏழாவது மணியில் லேப் அக்கா எடுத்தாள். "மிஷினைக் கழுவிவிடுறேன் சார், வேற ஒண்ணுமில்லை," என்றாள். வைத்தாள். "நம்பலை. வர்றார்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத காலடி. ஐஸ் ஃப்ரீசர் அறை வாசலில் கருவிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஸ்பேனரும் ஸ்க்ரூவும் தரை முழுக்கச் சிதறின. பெரிய ஃப்ரீசரின் கீழ்த் தகட்டைக் கழற்றி வாசலுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டு, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் வந்து நின்றார். முதலில் தகட்டைப் பார்த்தார். பிறகு அவன் தலைக்கு மேலாக, உள்ளே மினுங்கிய மிஷினின் பச்சை விளக்கை.

"என்ன பண்ற?"

"ஃப்ரீசர் ரிப்பேர் சார். கேஸ் கசியுதோன்னு சந்தேகம். கிட்ட வராதீங்க, மூச்சடைக்கும்."

"யார் சொன்னது? அது நல்லாத்தான் ஓடுது."

"நின்னுபோச்சுன்னு காலையில நீங்கதானே சார் சொன்னீங்க?"

டாக்டர் கோபப்பட்டிருந்தால் ஐஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு பூச்சி எத்தனை காலால் நடக்கிறது என்று எண்ணுவதுபோல. "நைட் ஷிப்ட் பார்த்தவனா நீ?" என்றார். "கண்ணுக்குக் கீழ தெரியுது. எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"இப்பவும் தூக்கம் வராது, இல்ல?"

டாக்டர் மிஷினின் விளக்கை இன்னொரு தடவை ஆசையாகப் பார்த்துவிட்டுத் திரும்பி, வந்தது போலவே படியேறிப் போனார்.

நாலு மணிக்கு மேலே எல்லோரும் கூடிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் நின்றார். தங்கச்சி மேஜைக்கு முன்னால். கண்ணாடி உருண்டை நகர்ந்து, தாள் அவள் பக்கம் திரும்பியிருந்தது. பேனாவும் கையில் கொடுத்தாகிவிட்டது.

"ரெண்டு நிமிஷம் குடுங்க," என்றாள் அண்ணி. "டாக்டர், காலையில நீங்க சொல்லிக்குடுத்தது முழுசாப் புரியலை. இந்த ஒரு கிராஃபை மட்டும் படிச்சுக் காட்டுங்க. இந்த உடம்பு என்ன செஞ்சுக்கிட்டிருந்துச்சு?"

பெயரும் நேரமும் இல்லாத ஒரு தாள். பக்கவாட்டில் வரிசையாகக் கம்பங்கள், அதில் மூன்று மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. லேப் அக்கா கதவருகில் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஐஸ் டாக்டரின் கண்களையே பார்த்தான். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தான். தாளை வாங்கியதும் அவர் புருவம் மட்டும் உயர்ந்தது.

"இது எங்க கிடைச்சுது? அருமையா வந்திருக்கே." விரலால் ஒரு கம்பத்தைத் தொட்டார். "இந்த மூணு சீட்டும் ஆக்சிஜன் கொறையும்போது செல் எழுதுறது. இவ்வளவு உயரம் நான் பார்த்ததே இல்லை. மூச்சு அடங்கிக்கிட்டிருக்கு. அரை மணி, முக்கால் மணியா."

"பொணமா?" என்றாள் அண்ணி.

"பொணம் எங்கேயாவது இப்படிச் சீட்டு எழுதுமா? உசிரோட இருக்கான். திணறுறான். உடம்பு ஒவ்வொரு பட்டறைக்கும் ஆள் அனுப்பிக் கெஞ்சுது, மூச்சு வேணும்னு."

"அந்த நேரத்துல பக்கத்துல ஒருத்தர் இருந்திருந்தா?"

"முகத்துல ஆக்சிஜன் வச்சா போதும். பிழைச்சிருப்பான்."

இன்ஸ்பெக்டர் ஜன்னலை விட்டு வந்தார். "யாரோட ரத்தம் இது?"

அண்ணி மற்ற ஆறு கிராஃபையும் பக்கத்தில் பரப்பினாள். ஆறையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே மலை, ஆனால் தலைகீழ் மலை. இரவில் ஏறி, பகலில் இறங்கி, சாயங்காலம் ஆறு மணிக்குக் காலைபோல விடிகிற மலை. அதன் மேல், மிஷின் ஓடின நேரத்தில் பிரஸ்ஸுக்குப் போய் வாங்கி வந்த ஷிப்ட் ரெஜிஸ்டர் நகலை வைத்தாள். கடைசியாக லேப் அக்காவிடமிருந்து நோட்டை வாங்கி, ஏழு ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தைத் திறந்தாள்.

"நாலாம் கட்டில். ராத்திரி பத்து மணி. எழுதினது இவர்."

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். மேஜையிலிருந்த டாக்டரின் குறிப்புத் தாள் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி படித்தார். தங்கச்சி கையில் பிடித்திருந்த பேனாவை மேஜை மேல் வைத்தாள். அது உருண்டு டாக்டர் பக்கம் போய் நின்றது. அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். ஐஸ் போய்ப் பக்கத்தில் நின்றான்.

டாக்டர் நோட்டைப் பார்க்கவே இல்லை. ஏழு கிராஃபையும் சீட்டாட்டக்காரன்போல வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஆறாவதையும் ஏழாவதையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரெண்டாவது டோஸுக்கு அப்புறமும் கடிகாரம் நகரலையா?" என்று லேப் அக்காவைக் கேட்டார்.

"இல்ல சார்," என்றாள் லேப் அக்கா, பழக்க தோஷத்தில். "அதே இடத்துலதான் இருக்கு."

"அப்படியா!" உருண்டு வந்த பேனாவை எடுத்தார். கைக்குக் கிடைத்த தாளைப் பின்பக்கம் திருப்பி, குனிந்து எழுதத் தொடங்கினார். ‘முதல் டோஸ் இரவு 7.00. இரண்டாவது 8.15. பத்து மணிக்கும் கடிகாரத்தில் மாற்றம் இல்லை.’ தங்கச்சிக்காக டைப் அடித்து வைத்திருந்த தாள்தான் அது. அண்ணி பார்த்தாள். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். ஒருவரும் தடுக்கவில்லை.

கடைசிப் புள்ளி வைக்கும் வரை இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"அப்படியே கீழ ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க டாக்டர்," என்றார்.